அமலி மேடத்தோட வீடியோ

நன்றின்னு ஒரு வார்த்தைய எதிர்பாத்து நான் யாருக்கும் எதுவும் செஞ்சது கிடையாது தம்பி. அத முதல்லயே சொல்லிருதேன். தூத்துக்குடியில சொந்தக்காரங்களப் பாத்துட்டு வாரீங்களான்னு கேட்டீங்கள்லா, சொந்தம்லாம் இல்ல. எங்கூட வேல பாத்த ஒரு பிள்ள. அமலோற்பவம்னு பேரு. அமலின்னு கூப்பிடுவோம். அந்தப் பிள்ளயப் பாத்துட்டுத்தான் வாரேன். பாத்தும் மனசு ஆறல. பஸ்ஸு திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு. உங்களுக்குத் தூக்கம் வந்தாத் தூங்குங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டேன்.

என் பேரு குற்றாலநாதன். எகனாமிக்ஸ் புரொபசர். புரொபசரா இருந்தேன்னு சொல்லணும், போன மாசந்தான் ரிட்டயர் ஆனேன், நாக்கு இன்னும் பழகல. திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜ், பேரு எதுக்கு. துறைத்தலைவரா இருந்தேன். அமலி எங்க டிபார்ட்மெண்ட்டுல மேனேஜ்மெண்ட் ஸ்டாஃப். அதாவது கவர்ன்மெண்ட் சம்பளம் கிடையாது, நிர்வாகம் குடுக்கதுதான். வருஷா வருஷம் ஜூன் மாசம் புதுப்பிக்கணும். மணப்பாட்டுக்காரி. அப்பா கடலுக்குப் போறவரு. அந்த வீட்டுல இருந்து ஒரு பிள்ள எகனாமிக்ஸ்ல டாக்டர் பட்டம் வாங்கிருக்குன்னா சும்மாவா.

அந்தப் பிள்ள பாடம் எடுக்கத நீங்க கேக்கணும் தம்பி. தேவை நெகிழ்ச்சின்னு ஒரு பாடம். விலை ஏறுனா எவன் வாங்காம விடுவான், எவன் விடாம வாங்குவான், அதான் விஷயம். நாங்க எடுத்தா போர்டுல கோடு போடுவோம், பசங்க கொட்டாவி விடுவாங்க. இது எப்படி எடுக்கும்னா, காத்து அடிச்சு வள்ளம் எதுவும் போகல, ரெண்டு நாள் கழிச்சு ஒரே ஒரு வள்ளம் சீலா மீனோட கரைக்கு வருதுங்கும். கரையில ஏலம். ஏற்றுமதிக் கம்பெனி ஏஜெண்டு ஒருத்தர் நிக்காரு. வீட்டுக்குக் குழம்பு வைக்க ஒரு அம்மா கூடையோட நிக்கா. விலை ஏறுது. யாரு முதல்ல திரும்பிப் போவா, ஏன் போவா? கேட்டுட்டுப் பேசாம நின்னுரும். பசங்க முழிப்பாங்க. இது ஒவ்வொரு முகமாப் பாத்துக்கிட்டே வரும், கடைசி பெஞ்சு வரைக்கும். யாராவது ஒருத்தன், "அந்தம்மா முட்டை வாங்கிட்டுப் போயிரும் மேடம்"பான். அப்புறந்தான் பாடமே ஆரம்பிக்கும்.

"இப்படி நின்னுக்கிட்டே இருந்தா போர்ஷன் எப்பம்மா முடியும்"னு ஒருநா கேட்டேன்.

"நெத்தியப் பாத்தாத் தெரிஞ்சிரும் சார், ஏறிட்டா ஏறலயான்னு. ஏறாம அடுத்ததுக்குப் போனா எனக்கு உறுத்தும்"னு சொல்லுச்சு.

அப்படி ஒரு பிள்ள. அதுக்கு நான் கெடுதல் நினைப்பேனா, நீங்களே சொல்லுங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க காலேஜுக்குத் தரமதிப்பீட்டுக் குழு வரப்போவுதுன்னு ஒரே பரபரப்பு. செயலாளர் எல்லா துறைத்தலைவரையும் கூப்பிட்டு, தொழில்நுட்பத்துல உங்க துறை என்ன செஞ்சிருக்குன்னு காட்டணும்னுட்டாரு. சயின்ஸ்காரனுக்கு லேப் இருக்கு. எகனாமிக்ஸ்ல நான் எதக் காட்ட? சாக்பீஸக் காட்டவா? யோசிச்சேன். எல்லாப் பாடத்தையும் தமிழ்ல வீடியோவா எடுத்து நெட்டுல போட்டா என்ன? நம்ம பசங்கள்லாம் யாரு, நாங்குநேரிப் பக்கம், ராதாபுரம் பக்கம், வீட்டுல முத முதலாக் காலேஜுக்கு வாரதுக. இங்கிலீஷ் புஸ்தகத்தப் பாத்தாலே கண்ணு இருட்டும். ராத்திரி வீட்டுல இருந்து போன்லயே பாடத்தப் பாக்கலாம்லா. என் யோசனதான் அது. அதுல எனக்குப் பெருமதான், மறைக்க என்ன இருக்கு.

மீட்டிங் போட்டேன். தனுஷ்கோடின்னு ஒருத்தரு, எனக்கு அடுத்த சீனியர். அவரு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு, "சார், வகுப்புல நான் சொல்லுதது அந்த நாலு செவத்துக்குள்ளதான். அதப் பிடிச்சு டப்பாவுல அடைச்சா நாளைக்கு என்னைய வச்சே என்னைய அடிப்பான். நான் வரல"ன்னாரு. ஹெப்சிபா மேடம் கேமரா முன்னாடி முகம் காட்ட மாட்டேன்னுட்டாங்க. எல்லாம் நிரந்தர வேலையில உள்ளவங்க. என்ன சொல்ல முடியும்? எனக்கு ஆச இருந்துச்சு, ஆனா தலைவர் வேலைன்னு ஒண்ணு இருக்குல்லா. அதோட எனக்கு அந்த ரிமோட்டு, பென்டிரைவு இதெல்லாம் ஆவாது.

கடைசியா அமலியப் பாத்தேன். அந்தப் பிள்ள கொஞ்ச நேரம் மேஜையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம், "சரி சார்"னுச்சு.

அவ்வளவுதான். ஒரு மறுப்பு கிடையாது. அந்தப் பணிவு இந்தக் காலத்துல யாருக்கு வரும் தம்பி?

கல்யாண வீடியோ எடுக்க ஒரு ஆள ஏற்பாடு பண்ணுனோம். பழைய சாமானெல்லாம் கிடந்த ஒரு ரூம ஒதுக்கிச் சன்னல்ல கறுப்புத் துணி கட்டியாச்சு. ஃபேன் போட்டா சத்தம் விழும்னு ஃபேனையும் நிப்பாட்டியாச்சு. வகுப்பெல்லாம் முடிஞ்சு சாயங்காலம் அந்தப் பிள்ள வந்து நிக்கும். வேர்த்து ஊத்தும். தொடச்சிக்கிட்டே பேசும். மழைக்காலத்துல ஆரம்பிச்சது, பங்குனி வெயில் வரைக்கும் ஓடுச்சு. நடுவுல நடுவுல, "பாப்பா ஸ்கூல் விட்டு வந்திருப்பா சார்"ங்கும். "இந்த ஒண்ண முடிச்சிட்டுப் போம்மா"ம்பேன். முடிச்சிட்டுத்தான் போகும்.

முத நாளு அதுக்குப் பேச்சே வரல பாத்துக்கிடுங்க. அவ்வளவு நல்லாப் பேசுத பிள்ள, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால திக்குது. "சார், ரெண்டு பசங்கள எதிர்ல உக்கார வச்சிக்கிடட்டுமா"ன்னு கேட்டுச்சு. இருமுவான், தும்முவான், சத்தம் விழும் வேண்டாம்னேன். சரின்னுட்டுச்சு. ஆனா பழக்கத்த விட முடியல. ஒரு கேள்வியக் கேக்கும், "புரிஞ்சுதா"ங்கும், அப்படியே நிக்கும். எதிர்ல யாரும் இல்ல. இருந்தாலும் அந்தக் காலி ரூம இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பாக்கும். வீடியோக்காரன் என் காதுல, "மேடம் மறந்துட்டாங்களா சார்"னான். நான் அவன்கிட்ட சொன்னேன், சும்மா நிக்கத எல்லாம் வெட்டி எடுத்துருன்னு. வெட்டுனதும் பாடம் என்னமா ஓடுச்சுங்கீங்க. "புரிஞ்சுதா? சரி, அடுத்ததுக்குப் போவோம்." சிக்குனு இருந்துச்சு.

கடைசியா எடுத்தது, உழைப்புக்குப் பதிலா மூலதனம்னு ஒரு பாடம். உப்பளத்துல பொம்பளைங்க உப்பு வாருன இடத்துல மிஷின் வந்தா என்ன ஆகும், கூலி எவ்வளவு ஏறுனா முதலாளி மிஷின் வாங்குவான், அப்படின்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிருச்சு. ஒரு இடத்துல கூட நிக்கல. வீடியோக்காரனே கையத் தட்டுனான். முடிச்சதும் ஸ்டூல்ல உக்காந்து தண்ணி குடிச்சிட்டு, "சார், இத அடுத்த வருஷமும் போடுவீங்களா"ன்னு கேட்டுச்சு.

"அடுத்த வருஷமா? நீயும் நானும் இல்லாட்டாலும் இது ஓடும்மா"ன்னேன். சந்தோஷத்துல சொன்னேன். அந்தப் பிள்ள பாட்டில மூடிட்டு எந்திரிச்சுப் போச்சு. களைப்பு.

குழு வந்துச்சு, பாத்துச்சு, பாராட்டுச்சு. எகனாமிக்ஸ் துறைக்குக் கேடயம். செயலாளரு, பிரின்சிபல், நான், மூணு பேரும் நின்னு போட்டோ எடுத்தோம். அமலி அப்பம் வகுப்புல இருந்துச்சு. எல்லாரும் மேடைக்குப் போயிட்டா வகுப்ப யாரு பாக்க?

பசங்க என்ன நினைக்காங்கன்னும் நான் கேக்காம இல்ல. ரெண்டாம் வருஷத்துல இசக்கியம்மான்னு ஒரு பிள்ள, கெட்டிக்காரி. "வீடியோ பிடிச்சிருக்காம்மா"ன்னேன்.

"பிடிச்சிருக்கு சார். மேடம் இருக்காங்கள்லா."

"அப்பம் இனிமே அதுவே போதும்லா?"

அந்தப் பிள்ள முழிச்சுச்சு. "மேடம் வகுப்புல சொல்லணும் சார். வீட்டுக்குப் போய் அத வீடியோவுல திரும்பப் பாக்கணும். அப்பந்தான் நிக்குது"ன்னுச்சு.

ஆசையப் பாத்தீங்களா, ரெண்டும் வேணுமாம். பசங்க அப்படித்தான். நான் பிடிச்சிருக்குன்னு சொன்னத மட்டும் செயலாளர்கிட்டச் சொன்னேன்.

ஜூன் மாசம் வந்துச்சு. வொர்க்லோடுன்னு ஒண்ணு உண்டு தம்பி. யாருக்கு வாரத்துக்கு எவ்வளவு வகுப்புன்னு கணக்குப் போட்டு நிர்வாகத்துக்குக் குடுக்கணும். துறைத்தலைவர்தான் போடணும், நான்தான் போட்டேன். வீடியோவுல ஓடுத பாடத்துக்கு ஆள் வேண்டாம், பசங்கள உக்கார வைக்க ஒரு அட்டெண்டர் போதும். அப்படிப் பாத்தா அமலிக்கு ஒண்ணும் மிஞ்சல. கணக்குல பொய் எழுத முடியுமா? எழுதல. நிர்வாகம் புதுப்பிக்கல. நிர்வாகம் எடுத்த முடிவுக்கு நான் என்ன செய்ய?

நான்தான் சொன்னேன் அந்தப் பிள்ளகிட்ட. ஆபீஸ்ல இருந்து ஒரு தாளு வந்து தெரியக்கூடாது பாருங்க, அதனால நானே கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுட்டு, "அப்பம் திங்கக்கெழம நான் வர வேண்டாம்லா சார்"னுச்சு. ஆமாம்மான்னேன். டிராயர்ல இருந்து தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டுச்சு, ஒரு சீப்ப எடுத்துக்கிட்டுச்சு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி, "பசங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க சார். திடீர்னு இல்லன்னா தேடுவாங்க"ன்னுச்சு.

சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வகுப்பு தொடங்கிட்டு.

பெரிய ஹாலுல திரை கட்டி, திரைச்சீலையெல்லாம் இழுத்து விட்டு வீடியோவப் போட்டோம். அமலி முகம் வந்ததும் பசங்க கையத் தட்டுனாங்க. நானும் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். கொஞ்ச நேரம் ஓடுச்சு. "புரிஞ்சுதா"ன்னு திரையில கேட்டுச்சு. மொத்த ஹாலும் சேந்து, "புரியல மேடம்"னு கத்துச்சு. "சரி, அடுத்ததுக்குப் போவோம்"னு திரையில இருந்து பதில். ஒரே சிரிப்பு. நான் போய்ச் சத்தம் போட்டு அடக்குனேன்.

மறுநாளும் அப்படித்தான். புரிஞ்சுதாங்கும், புரியல மேடம்பாங்க, அது பாட்டுக்குப் போகும். ஆனா யாரும் சிரிக்கல. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, அந்த இசக்கியம்மா மட்டுந்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. சத்தமாக் கூட இல்ல, வாய்க்குள்ள. புரியல மேடம், புரியல மேடம்னு. சாமி கும்பிடுத மாதிரி. என்னம்மா புரியலன்னு நான் கேட்டேன். "ஒண்ணுமில்ல சார்"னுட்டுச்சு. அப்புறம் அதுவும் வாரது நின்னு போச்சு. ஹாலுல பாதி நாற்காலி காலி. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதக் குடுத்தாலும் ருசிக்காது தம்பி. அந்த வருஷம் ரிசல்ட்டும் கொஞ்சம் சறுக்குச்சு. கொஸ்டின் பேப்பர் கஷ்டம்.

அந்தச் சன்னலக் கொஞ்சம் இழுத்து விடுங்க, தூறல் உள்ள அடிக்கு.

அமலியச் சும்மா விட்டுட்டேன்னு நினைச்சிராதீங்க. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் காலேஜுல எகனாமிக்ஸுக்கு ஆள் எடுத்தாங்க. என்னையப் பாட நிபுணரா இண்டர்வியூ போர்டுல உக்காரக் கூப்பிட்டாங்க. போனேன். நாலஞ்சு பேருக்கு அப்புறம் அமலி உள்ள வருது. வந்ததும் என்னையப் பாத்துட்டு அந்த முகம் அப்படி மலர்ந்துச்சு. நம்ம ஆளு ஒருத்தர் இருக்காருன்னு தோணும்லா, அந்த மாதிரி. கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில். அந்தக் காலேஜ் முதலாளி என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்லுதீங்க சார்"னாரு.

இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தேன். மனசாரச் சொன்னேன். "இந்த மேடத்தப் பத்தி நான் என்ன சொல்ல. இவங்க எடுத்த பாடம் பூரா நெட்டுல இருக்கு. முழு சிலபஸும். எங்க காலேஜே அத வச்சுத்தான் ஓடுது."

"அப்படியா? அத நம்மளும் பாக்கலாமா?"

"யாரு வேணாலும் பாக்கலாம். ஒரு பைசா கிடையாது."

அவரு போன நீட்டுனாரு. நானே தேடி எடுத்துக் குடுத்தேன். அதுக்குள்ள எனக்கு அதெல்லாம் பழகிப்போச்சு. போர்டுல இருந்த எல்லாரும் தலைய நீட்டிப் பாக்காங்க. போன்ல அமலி பேசிக்கிட்டு இருக்கு, சீலா மீனு, ஏலம், ஏஜெண்டு. எதிர் நாற்காலியில அமலி மடியில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பாத்து முடிச்சிட்டு முதலாளி, "பிரமாதம் மேடம். பிரமாதமா எடுக்கீங்க. சொல்லி அனுப்புதோம்"னாரு. அந்தப் பிள்ள எந்திரிச்சு எல்லாரையும் கும்பிட்டுட்டு, என்னையும் கும்பிட்டுட்டுப் போச்சு.

அந்த இண்டர்வியூவுல யாரையுமே எடுக்கலயாம் தம்பி. கஞ்சப் பயலுவ. நான் அவ்வளவு எடுத்துச் சொல்லியும்.

போன மாசம் எனக்குப் பிரிவு உபசார விழா. பழைய மாணவங்க, கூட வேல பாத்தவங்க, எல்லாரும் வந்தாங்க. எனக்கு வீட்டுக்காரியும் இல்ல, பையன் வெளிநாட்டுல. வந்தவங்கதான் எனக்கு எல்லாம். அமலிக்கு நானே போன் போட்டேன். "வரப் பாக்கேன் சார்"னுச்சு. முன் வரிசையில ஒரு நாற்காலிய யாரையும் உக்கார விடாம வச்சிருந்தேன். பேசும்போது அந்தப் பிள்ள பேரச் சொன்னேன், இந்தத் துறைய வீடு வீடாக் கொண்டு சேத்தவங்கன்னு. எல்லாரும் கையத் தட்டுனாங்க. நாற்காலி காலியாவே கிடந்துச்சு. மாலையும் பொன்னாடையுமா வீட்டுக்கு வந்து உக்காந்தா, அந்த நாற்காலிதான் கண்ணுக்குள்ள நிக்கு.

அதான் இன்னைக்குக் கிளம்பி வந்துட்டேன். தூத்துக்குடியில ஒரு நர்சரி பள்ளிக்கூடத்துல இருக்கு இப்பம். எல்.கே.ஜி. நான் போகும்போது முட்டி போட்டு உக்காந்து ஒரு வாண்டுக்கு ஷூ மாட்டி விட்டுக்கிட்டு இருந்துச்சு. என்னையப் பாத்ததும் பதறி எந்திரிச்சு, "என்ன சார் இவ்வளவு தூரம், ஒரு போன் பண்ணிருக்கலாம்லா"ன்னு வேப்ப மரத்தடியில பெஞ்சுல உக்கார வச்சுச்சு. ஆயாம்மாகிட்ட டீ வாங்கிட்டு வரச் சொல்லுச்சு. மெலிஞ்சு போயிருந்துச்சு.

"விழாவுக்கு வரலியேம்மா."

"லீவு கிடைக்கல சார்."

"சரி, அத விடு. உன் வீடியோவ இப்பம் எவ்வளவு பேரு பாக்காங்க தெரியுமா? மதுரைக்கு அங்கிட்டுக் கூடப் பாக்கானாம்."

"தெரியும் சார். கோவில்பட்டிக்கு அப்புறம் நாகர்கோவில்ல ஒரு இண்டர்வியூவுக்குப் போனேன். சாத்தான்குளத்துல ஒண்ணு. எல்லா இடத்துலயும் என்னையத் தெரியுது. உள்ள நுழையும்போதே, நீங்கதானா அந்த மேடம்னு சிரிக்காங்க. எங்க பசங்க உங்க வீடியோதான் பாக்குதுங்கன்னு சொல்லுதாங்க. டீ குடுக்காங்க. குடுத்து அனுப்பிருதாங்க."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு தம்பி. "பாத்தியாம்மா, உன் பேரு எங்கெல்லாம் போயிருக்கு"ன்னேன்.

அது முட்டியில ஒட்டியிருந்த மண்ணத் தட்டி விட்டுச்சு. அப்புறம், "சார், உங்ககிட்ட ஒரு உதவி. அத எடுத்துர முடியுமா?"

"எத?"

"அந்த வீடியோவெல்லாம்."

எனக்குப் புரியவே இல்ல. பொறுமையா எடுத்துச் சொன்னேன். அது காலேஜ் சொத்தும்மா, நான் இப்பம் ரிட்டயர் ஆனவன், சொன்னா யாரு கேப்பா. கேட்டாலும் எடுக்கலாமா, எத்தன ஏழைப் பிள்ளைங்க அதப் பாத்துப் படிக்குது. அந்தப் பிள்ளைங்க பிழைப்புல மண்ணள்ளிப் போடலாமான்னு கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுச்சு. தப்பா விடை சொல்லுத பையன அது ஒரு மாதிரி பாக்கும், கோவமே இல்லாம, முழுசா முடிக்கட்டும்னு. அப்படிப் பாத்துச்சு.

"இல்ல சார், பிள்ளைங்க படிக்கட்டும். நான் எங்க போனாலும் அவ எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கா. அதான் கேட்டேன்."

"யாரும்மா?"

"வீடியோவுல இருக்கவ. என்னைய விட நல்லாப் பேசுதா. தடுமாற மாட்டா. சம்பளம் கேக்க மாட்டா. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு லீவும் கேக்க மாட்டா."

நான் சிரிச்சேன். அந்தப் பிள்ளைக்கு எப்பவும் அப்படி வேடிக்கையாப் பேச வரும். ஆனா அது சிரிக்கல. நல்லது செஞ்சவன் வந்து உக்காந்திருக்கான், ஒரு சிரிப்பு சிரிச்சா என்ன? அதுதான் தம்பி எனக்கு ஆறல. இவ்வளவு தூரம் வந்தது அந்த ஒரு சிரிப்புக்குத்தான்.

டீ வந்துச்சு, குடிச்சேன். அதுக்குள்ள மணி அடிச்சு, குழந்தைங்கள வேன்ல ஏத்த நேரமாயிட்டு. இந்த மாதிரிப் பள்ளிக்கூடத்துல டீச்சரே கூடப் போய் வீடு வீடா இறக்கி விடணுமாம். "வாரேன் சார், உடம்பப் பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு ஓடுச்சு. ஒவ்வொண்ணாத் தூக்கி உள்ள வச்சுட்டு அதுவும் ஏறிக்கிட்டுச்சு. வேன் கிளம்புச்சு. நான் வாசல்ல நின்னு கைய ஆட்டுனேன். உள்ள இருந்து அத்தன வாண்டும் கைய ஆட்டுதுங்க. நான் யாருன்னே தெரியாது அதுகளுக்கு, இருந்தாலும் ஆட்டுதுங்க. அமலி ஆட்டல. வேன் சன்னல் கம்பிக்குப் பின்னால முகம் தெரிஞ்சுச்சு, என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு, ஆனா கைய ஆட்டல.

கையில ஏதாவது குழந்தை இருந்திருக்கும். ரெண்டு கையிலயும் இருந்திருக்கும்.